சேலைக்கு வரி இல்லை, கைப்பைக்கு வரி: அமெரிக்காவில் இந்தச் சட்டங்களைப் போடுவது யார்?

நூலிழை (வெள்ளவத்தை):

எல்லோருக்கும் வணக்கம். மருதமுனையில் நெய்கிற கைத்தறிச் சேலைகளையும், அதே துணியில் இங்கே வெள்ளவத்தையில் தைப்பித்த கைப்பைகளையும் ஒன்லைனில் அமெரிக்காவுக்கு விற்கிறேன். வாங்குவது அநேகமாக எங்கள் ஆட்கள்தான். இதுவரை அங்குள்ள ஒரு பெரிய விற்பனைத் தளத்தில் கடை வைத்திருந்தேன். தைப்பொங்கலுக்கு முன் சொந்தமாக ஓர் இணையத்தளம் திறக்கும் எண்ணம் இருக்கிறது.

பிரச்சினை இதுதான். ஒரே விலை, ஒரே சேலை. ஹூஸ்டனில் வாங்கிய அண்ணாவிடம் 8.25 சதவீதம் வரி எடுத்திருக்கிறார்கள். ஒரிகன் போர்ட்லண்டில் வாங்கிய அக்காவிடம் ஒரு சதமும் எடுக்கவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு பிள்ளை சேலையும் கைப்பையும் சேர்த்து வாங்கினார். சேலைக்கு வரி இல்லை, பைக்கு மட்டும் 6.625. ஹூஸ்டன் அண்ணா, "தங்கச்சி, எங்களிடம் மட்டும் ஏன் கூட எடுக்கிறீர்கள்" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் காசு என் கைக்கு வரவே இல்லை, தளமே பிடித்து எங்கேயோ கட்டுகிறது.

இதற்கிடையில் ஒரு கொம்பனியிடமிருந்து இமெயில். எல்லா மாநிலங்களிலும் பதிய வேண்டும், இல்லாவிட்டால் தண்டம், நாங்கள் செய்து தருகிறோம் என்று. கேட்கிற தொகை என் அரை வருட இலாபம். என் மருமகன் வேறு, கலிபோர்னியாவின் தனியுரிமைச் சட்டத்துக்காக இணையத்தளத்தில் அறிவித்தல் போட வேண்டும் என்கிறான். மாநில சட்டசபைகள் இணையத்துக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் சட்டம் கொண்டுவருவதாகச் செய்தியிலும் பார்த்தேன். இதெல்லாம் வொஷிங்டன் செய்கிற வேலை அல்லவா? நான் யாருடைய சட்டத்தைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் ஆறுதலாக விளக்குங்கள்.

பம்பலப்பிட்டி டெவ்:

அக்கா, தளம் பிடித்துக் கட்டுகிறது என்றால் அந்தப் பக்கம் பயமில்லை. சொந்த இணையத்தளத்துக்கும் பெரிதாக யோசிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கடை அமெரிக்காவில் இல்லையே, அவர்களுடைய மாநிலச் சட்டம் இங்கே எப்படி வரும்? இமெயிலை அழித்துவிடுங்கள். தனியுரிமை விஷயம் எங்கள் வேலையில் அடிக்கடி வருவது, அதை இரவு எழுதுகிறேன்.

இரவுக்கணக்கர் (கொட்டாஞ்சேனை):

நூலிழை அக்கா, நான் கொழும்பில் இருந்துகொண்டு அமெரிக்கச் சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். அவர்களுக்குப் பகல், எனக்கு இரவு. என் மேசைக்கு வருவதில் பெரும் பங்கு மாநில விற்பனை வரிக் கணக்குகள்தான். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

அந்த மூன்று பில்லுக்கும் பின்னால் மூன்று வெவ்வேறு சட்டசபைகள் இருக்கின்றன. வொஷிங்டனுக்கு அதில் பங்கே இல்லை. எங்கள் 18 சதவீத வற் போல நாடு முழுவதற்கும் ஒரே விற்பனை வரி அங்கே கிடையாது. டெக்சஸ் மாநிலம் 6.25 எடுக்கிறது. அதற்கு மேல் நகரமும் மற்ற உள்ளூர் அமைப்புகளும் 2 வரை சேர்க்கலாம். ஹூஸ்டனில் அந்த உச்சம் முழுவதும் இருக்கிறது. ஒரிகன், மாநில விற்பனை வரியே இல்லாத ஐந்தில் ஒன்று. மற்றவை டெலவேர், மொன்டானா, நியூ ஹம்ஷயர், அலாஸ்கா. அலாஸ்காவில் மாநிலம் எடுக்காவிட்டாலும் ஊர் நிர்வாகங்கள் எடுக்கும். நியூ ஜெர்சியில் உடுப்புக்கு வரி இல்லை. கைப்பையை அந்தச் சட்டம் உடுப்பாகக் கணக்கெடுப்பதில்லை. அதுதான் அந்தப் பிள்ளையின் பில் அப்படி வந்தது.

இன்னும் பாருங்கள். மாசசூசெட்ஸில் ஓர் உடுப்புக்கு 175 டொலர் வரை வரி இல்லை. 180 டொலர் சேலை என்றால் மிச்ச 5 டொலருக்குத்தான் வரி. நியூயோர்க்கில் 110 டொலருக்குக் குறைந்த உடுப்புக்கு மாநில வரி இல்லை. ஆனால் 110ஐத் தொட்டால் முழுத் தொகைக்கும் வரி. 109 டொலருக்கு விற்கிற சேலையும் 112 டொலருக்கு விற்கிற சேலையும் நியூயோர்க் வாடிக்கையாளருக்கு ஒன்றல்ல. விலை போடும்போது இதை மனதில் வைத்திருங்கள்.

டெவ் தம்பி சொன்னதற்கு வருகிறேன். அங்கே கடை இல்லாவிட்டால் அந்த மாநிலச் சட்டம் எட்டாது என்பது 2018 ஜூன் 21 வரைக்கும் உண்மை. அன்றைக்குத்தான் அமெரிக்க உயர் நீதிமன்றம் சவுத் டகோட்டா எதிர் வேஃபெயர் வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. அதுவரை, ஒரு மாநிலத்தில் உங்களுக்குக் கடையோ களஞ்சியமோ ஊழியரோ இருந்தால்தான் வரி அறவிடச் சொல்லி அந்த மாநிலம் கட்டாயப்படுத்தலாம். 1967 இல் நஷனல் பெல்லாஸ் ஹெஸ் என்ற தபால்வழி வியாபாரத்தின் வழக்கில் வந்த விதி அது. 1992 இல் குவில் வழக்கில் மறுபடி உறுதியாயிற்று. கட்டலொக் அனுப்பி விற்ற காலத்துக்கு அது பொருந்தியது. இணையம் வந்த பிறகு ஊர்க் கடைக்காரர் வரி கட்டுவார், ஒன்லைனில் விற்கிற பெரிய கொம்பனி கட்டாது என்ற நிலைமை வந்தது. மாநிலங்கள் அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸிடம் கேட்டுப் பார்த்தன. 2013 மே மாதம் செனட் 69க்கு 27 என்று ஒரு சட்டமூலத்தை நிறைவேற்றியும் விட்டது. பிரதிநிதிகள் சபையில் அது அப்படியே கிடந்து செத்தது.

இனித்தான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 2015 இல் கொலராடோ சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் நீதியரசர் கெனடி தனியாக ஒரு கருத்து எழுதினார். குவிலைத் திரும்பப் பார்ப்பதற்குத் தகுந்த வழக்கு ஒன்று வரட்டும் என்பது அதன் சாரம். அதைக் கவனமாக வாசித்து வேலையில் இறங்கியது சவுத் டகோட்டா. 2020 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தின் மொத்தச் சனத்தொகை 9 இலட்சத்துக்கும் குறைவு. எங்கள் கொழும்பு மாவட்டத்தில் மட்டும் 2012 இலேயே 23 இலட்சம் பேர். அங்கே மாநில வருமான வரி இல்லை, ஆகவே விற்பனை வரி குறைந்தால் பள்ளிக்கூடத்துக்கும் தெருவுக்கும் நேரடியாக அடி விழும். சட்டசபையில் இரண்டு அவையும் சேர்த்து 105 பேர். வருடத்துக்கு அதிகபட்சம் 40 நாள்தான் கூடுவார்கள். மற்ற நாட்களில் அவரவர் தொழில்.

அவர்கள் 2016 இல் எழுதிய சட்டத்தை நான் முழுதாக வாசித்திருக்கிறேன். சில பக்கங்கள்தான். வழக்குக்குப் போக வேண்டும் என்று தெரிந்தே எழுதியது. மாநிலத்துக்குள் வருடத்துக்கு ஒரு இலட்சம் டொலர் விற்பனை, அல்லது 200 தனித்தனி விற்பனை, இதற்கு மேற்பட்டவர்கள் மட்டும் அறவிட வேண்டும். பழைய வருடங்களுக்கு ஒரு சதமும் கேட்க மாட்டோம். வழக்கு முடியும் வரை யாரிடமும் அறவிட மாட்டோம். முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவர் டெப் பீட்டர்ஸ் என்ற மாநில செனட்டர். பிறகு அவர் மாநில சட்டசபைகளின் தேசிய மாநாட்டுக்குத் தலைவராகவும் இருந்தார். 1975 இல் தொடங்கிய அந்த அமைப்பில் ஐம்பது மாநிலங்களின் உறுப்பினர்களும் கூடி இணையம், தொலைத்தொடர்பு, வர்த்தகம் பற்றியெல்லாம் பேசுகிறார்கள். நீங்கள் செய்தியில் பார்த்தது அப்படியான ஒன்றாக இருக்கலாம்.

ஒன்லைனில் விற்கிற வேஃபெயர், ஓவர்ஸ்டொக், நியூஎக் என்ற மூன்று கொம்பனிகளும் எதிர்த்து நின்றன. தீர்ப்பு 5க்கு 4. வழக்கமாக எதிரெதிர்ப் பக்கம் நிற்கிற நீதியரசர்கள் தொமஸும் கின்ஸ்பெர்க்கும் ஒரே பக்கம் நின்ற தீர்ப்பு அது, ஆகவே கட்சிக் கணக்குப் பார்த்து இதை விளங்கிக்கொள்ள முடியாது. சிறு விற்பனையாளருக்கு விலக்கு, பின்னோக்கி அறவிடாமை, மற்ற மாநிலங்களோடு ஒத்துப்போகிற எளிமையான வரி முறை, இந்த மூன்றையும் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. மூன்றையும் அந்தச் சட்டசபை முதலிலேயே யோசித்து வைத்திருந்தது. ஒரு குட்டி மாநிலத்தின் பகுதிநேர உறுப்பினர்கள் காங்கிரஸால் முடியாததைச் செய்து முடித்தார்கள். சட்டம் எழுதுவது எவ்வளவு பொறுப்பான கைவினை என்று எனக்கு விளங்கியது இந்தச் சட்டத்தை வாசித்துத்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரதம நீதியரசர் றொபர்ட்ஸ் மறுத்து எழுதிய தீர்ப்பில் உங்களைப் போன்றவர்களை நினைத்திருக்கிறார். விற்பனை வரி விதிக்கிற அதிகார எல்லைகள் 10,000க்கு மேல், பாரம் சின்ன வியாபாரியின் தலையில்தான் விழும் என்றார். அவர் காட்டிய உதாரணத்தில் ஒன்று நூல். நியூ ஜெர்சியில் கலை வேலைக்கு வாங்கிய நூலுக்கு வரி உண்டு, சுவெட்டர் பின்ன வாங்கிய நூலுக்கு இல்லை. நீங்கள் நாளைக்கு நூல் விற்க வெளிக்கிட்டால் அதே கேள்வி உங்களுக்கும் வரும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. தளத்தில் விற்பதை விடுங்கள். விற்பனை வரி உள்ள எல்லா மாநிலங்களும் தளமே அறவிட்டுக் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டன. கடைசியாக வந்தது மிசூரி, 2023 ஜனவரியில். சொந்த இணையத்தளத்துக்கு ஓர் எக்செல் தாள் திறவுங்கள். மாநிலம், தொகை, ஓடர் எண்ணிக்கை, தளத்தில் விற்றதா சொந்தத்தில் விற்றதா, இவ்வளவும் போதும். கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் 5 இலட்சம் டொலர் தாண்டினால்தான் பதிவு. நியூயோர்க்கில் 5 இலட்சம் டொலரும் தாண்ட வேண்டும், 100 விற்பனையும் தாண்ட வேண்டும். அந்தத் தொகைகள் உங்களுக்குத் தூரம். கவனிக்க வேண்டியது 200 எண்ணிக்கை வைத்திருக்கிற மாநிலங்கள். கைப்பை போல விலை குறைந்த பொருளில் தொகை எட்ட முன்னரே எண்ணிக்கை எட்டிவிடும். சவுத் டகோட்டாவே 2023 இல் அந்த 200ஐ எடுத்துவிட்டது, இந்தியானா 2024 இல், யூட்டா 2025 இல். நியூ ஜெர்சி வைத்திருக்கிறது. தளத்தில் விற்றதும், வரி விலக்குள்ள சேலையும் அந்தக் கணக்கில் சேருமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், ஒவ்வொன்றின் வரித் திணைக்களப் பக்கத்திலும் எழுதியிருப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்பாடு இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அது வருமான வரிக்கானது. மாநில விற்பனை வரியைத் தொடாது.

எல்லா மாநிலத்திலும் பதியச் சொல்கிறவனுக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். எல்லை தாண்டாமல் பதிந்தால், விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டிவரும். பின்னாளில் வியாபாரம் வளர்ந்து பதிய நேர்ந்தால், 2002 இல் உருவாகி இப்போது 24 மாநிலங்கள் சேர்ந்திருக்கிற ஓர் உடன்படிக்கை இருக்கிறது. நியூ ஜெர்சியும் அதில் உண்டு. ஒரே விண்ணப்பத்தில் அந்த மாநிலங்களில் பதியலாம், பதிவு இலவசம். அங்கே கடை கண்ணி இல்லாத விற்பனையாளருக்கு வரிக் கணக்கைச் செய்து தருகிற மென்பொருள் சேவைக்கும் அந்த மாநிலங்களே கூலி கொடுக்கின்றன. பொருள்களுக்கு ஒரே வரைவிலக்கணம் வேண்டும் என்று அவர்கள் இருந்து இருந்து எழுதியிருக்கிறார்கள். மா சேர்ந்த இனிப்பு மிட்டாய்க் கணக்கில் வராது என்பது வரை அதில் இருக்கிறது. வாசிக்க அலுப்பாக இருக்கும், ஆனால் இப்படி யாரோ உட்கார்ந்து எழுதியதால்தான் உங்களைப் போன்றவர் ஒரே கணக்கு வைத்துப் பல மாநிலத்துக்கு விற்க முடிகிறது.

நூலிழை:

தம்பி, கோடி நன்றி. இரண்டு தரம் வாசித்தேன். எக்செல் தாள் இன்றைக்கே தொடங்கிவிட்டேன். நியூ ஜெர்சியில் ஓடர் எண்ணிக்கை நான் நினைத்ததை விடக் கூட, அதை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

மனதில் உறுத்துகிற ஒன்றைக் கேட்கிறேன். ஒன்பது இலட்சம் சனம் உள்ள இடத்தில் ஒரு சபை இவ்வளவு செய்கிறது. எங்களுக்கும் மாகாண சபை என்று ஒன்று இருந்ததே. இணையம், வியாபாரம் பற்றியெல்லாம் சட்டம் போட அதற்கு அதிகாரம் இருக்கிறதா? அரசியல் சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாது.

பம்பலப்பிட்டி டெவ்:

கணக்கர் அண்ணா, நன்றி. அந்தப் பக்கம் இவ்வளவு இருக்கிறது என்று நானும் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

தனியுரிமைக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் சட்டம் 2018 ஜூன் 28 இல் கையெழுத்தாகி, 2020 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு வீடமைப்பு முதலாளி கையெழுத்துச் சேர்த்து மக்கள் வாக்கெடுப்புக்கே கொண்டுபோகத் தயாராக இருந்தார். அதைத் திரும்பப் பெறுவதற்கான கடைசி நாளுக்குள் சட்டசபை அவசரமாகத் தானே ஒன்றை நிறைவேற்றியது. அக்கா, உங்கள் அளவுக்கு அது வராது. வருட வருமானம் 2 கோடி 50 இலட்சம் டொலருக்கு மேல் (பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டியிருக்கிறார்கள்), அல்லது ஒரு இலட்சம் கலிபோர்னியர்களின் தரவு, அல்லது வருமானத்தில் பாதி தரவை விற்று வருவது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான். டெக்சஸ் சட்டம் 2024 ஜூலை முதல் இருக்கிறது. அது வருமான எல்லை வைக்கவில்லை, சிறு வியாபாரத்துக்கு விலக்குக் கொடுக்கிறது. ஆனால் சிறு வியாபாரமாக இருந்தாலும், ஒருவரின் மதம், உடல்நிலை போன்ற உணர்திறன் உள்ள தரவை விற்பதானால் சம்மதம் வாங்கியே ஆக வேண்டும். நீங்கள் யாருக்கும் தரவு விற்கப் போவதில்லை. எங்கள் நாட்டிலேயே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதற்காகவாவது எந்த விபரத்தை ஏன் எடுக்கிறீர்கள் என்று நாலு வரி நேர்மையாக எழுதிப் போடுங்கள். வாடிக்கையாளரின் முகவரிப் பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போட்டு பார்சல் கட்டுகிற பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். தரவு கசிந்தால் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் முதலில் கலிபோர்னியாவில் 2003 இல் வந்தது. 2018 இல் அலபாமாவும் சவுத் டகோட்டாவும் சேர்ந்ததோடு ஐம்பது மாநிலத்திலும் ஆயிற்று. பெரும்பாலானவை வியாபாரத்தின் அளவைப் பார்ப்பதில்லை.

ஒரு மாநிலத்தின் சட்டம் நாடு முழுவதையும் எப்படி அசைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இணையச் சமநிலை, அதாவது இணைய இணைப்புக் கொடுக்கிற கொம்பனி எல்லாத் தளங்களையும் செயலிகளையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற விதி. 2017 டிசம்பரில் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு அந்த விதிகளை எடுத்துவிட்டது. அடுத்த மார்ச்சில் வொஷிங்டன் மாநிலம் தனக்கென்று சட்டம் போட்டது (தலைநகரம் அல்ல, மேற்குக் கரையில் உள்ள மாநிலம்), செப்டெம்பரில் கலிபோர்னியா. காசு வாங்கிக்கொண்டு ஒரு சில செயலிகளுக்கு மட்டும் டேட்டா கணக்கில் வெட்டாமல் விடுவதைக் கலிபோர்னியா தடுத்தது. இங்கே எங்கள் ஃபோனில் வாங்குகிற சமூக ஊடகப் பக்கேஜுகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் காசு உள்ள செயலி மட்டும் வளரும், புதிதாகத் தொடங்குகிற பெடியன் எழுதிய செயலியை யார் திறப்பார்கள்? 2021 மார்ச்சில் ஏடி அன்ட் டி என்ற தொலைத்தொடர்புக் கொம்பனி அந்த வகைச் சேவையை அமெரிக்கா முழுவதும் நிறுத்தியது. ஒரு மாநிலத்துக்கு ஒரு மாதிரி, மற்ற மாநிலத்துக்கு வேறு மாதிரி என்று இணையத்தை ஓட்ட முடியாது என்பதுதான் காரணம்.

செயற்கை நுண்ணறிவிலும் இதே இழுபறி. கொலராடோ 2024 மே மாதம் ஒரு சட்டம் இயற்றியது. மாநிலங்கள் பத்து வருடத்துக்கு இந்தப் பக்கமே வரக் கூடாது என்று காங்கிரஸில் ஒரு பிரிவைச் செருகப் பார்த்தார்கள். 2025 ஜூலை 1 இல் செனட் 99க்கு 1 என்று அதை வெட்டி எறிந்தது. இரண்டு கட்சியும் சேர்ந்து அப்படி நிற்பது எவ்வளவு அபூர்வம்!

ஓய்வுபெற்ற சட்டத்தரணி (கொழும்பு 13):

மகள், மாகாண சபை பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

1987 நவம்பரில் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையைத் திறந்து பாருங்கள். மூன்று நிரல்கள் இருக்கும்: மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. நீங்கள் கேட்கிற எல்லாமே மத்தியின் நிரலில் இருக்கின்றன. தபால், தொலைத்தொடர்பு, ஒலிபரப்பு, தொலைக்காட்சி, வெளிநாட்டு வர்த்தகம், மாகாணங்களுக்கு இடையிலான வர்த்தகம். ஆகவே எங்கள் மாகாண சபை உயிரோடு இருந்தாலும் கலிபோர்னியா செய்ததைச் செய்ய முடியாது. தொலைத்தொடர்புக்கு 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம், மின்னணுக் கொடுக்கல் வாங்கலுக்கு 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், எல்லாம் பாராளுமன்றத்தில் இருந்து வந்தவைதான்.

வரியில் மட்டும் ஒரு கதவு திறந்திருந்தது. மொத்த, சில்லறை விற்பனைப் புரள்வு வரி மாகாண நிரலில் இருக்கிறது, பாராளுமன்றம் வகுக்கிற எல்லைக்குள். மேல் மாகாண சபை அதை அறவிட்டு வந்தது. புறக்கோட்டை வியாபாரிகளுக்காக அந்த விடயத்தில் நானும் கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2011 உடன் அந்த அறவீடு நின்றது, அதற்குப் பதிலாக மத்தி சேர்க்கிற வரியில் ஒரு பங்கு கொடுப்பதாக மாற்றினார்கள். சொந்தமாக வரி எழுப்புகிற சபைக்கும், மேலே இருந்து வருகிற பங்கை எதிர்பார்க்கிற சபைக்கும் நடத்தை வேறாகத்தான் இருக்கும்.

இப்போது சபையே இல்லை. மேல் மாகாணத்துக்குக் கடைசித் தேர்தல் 2014 மார்ச்சில் நடந்தது. 2019 இல் காலம் முடிந்தது, அன்றிலிருந்து ஆளுநர். ஒன்பது மாகாணத்திலும் இப்போது ஆளுநர்தான். அந்தத் திருத்தச் சட்டமூலத்தை 1987 இல் ஒன்பது நீதியரசர்கள் விசாரித்து 5க்கு 4 என்று பிரிந்தார்கள். அந்த நாட்களில் இளம் சட்டத்தரணியாக ஒவ்வொரு வரியையும் வாசித்தவன் நான். அதிகாரம் போதுமா போதாதா என்று நாற்பது வருடமாக வாதிடுகிறோம். கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு நல்ல சட்டம் எழுதுகிற பழக்கம் எங்கள் சபைகளுக்கு வரவே விடவில்லை, இது எனக்கு ஆறாத கவலை.

இரவுக்கணக்கர்:

ஐயா, உங்கள் பதிலை எங்கள் இரவு வேலைக்காரர் எல்லோருக்கும் காட்டினேன். நியூ ஹம்ஷயரில் கீழ்ச்சபை உறுப்பினர் 400 பேருக்கும் வருடத்துக்கு 100 டொலர்தான் சம்பளம். சம்பளத்தைப் பார்த்து அந்த வேலைக்கு ஒருவரும் போக மாட்டார்கள். அவர்கள் குழு விசாரணைகள் இணையத்தில் நேரடியாகப் போகின்றன. சட்டமூலத்தில் யார் எந்த வாக்கியத்தைத் திருத்தினார்கள் என்பது வரை வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் சட்டம் படிக்கப் போனால் பாராளுமன்ற ஹன்சாட்டோடு இவற்றையும் வாசிக்கட்டும் என்று ஆசைப்படுகிறேன். மாகாண சபை திரும்பி வருகிற நாளில், ஒரு சட்டமூலத்தைச் சுத்தமாக எழுதத் தெரிந்த ஆட்கள் எங்களிடம் வேண்டும்.

நூலிழை:

ஐயாவுக்கும் தம்பிமாருக்கும் நன்றி. முகவரிப் பட்டியல் விஷயத்தை இன்றைக்கே மாற்றிவிட்டேன். இன்னும் ஒன்றே ஒன்று. பார்சல் போகும்போது சுங்கத்தில் பிடிக்கிற தீர்வையும் அந்தந்த மாநிலம் போடுவதா? அதையும் என் எக்செல் தாளில் மாநில வாரியாகப் பிரிக்க வேண்டுமா?

இரவுக்கணக்கர்:

வேண்டாம் அக்கா. சுங்கம் முழுவதும் வொஷிங்டனின் கையில். இறக்குமதித் தீர்வை போடுவதற்கு மாநிலங்களுக்கு அமெரிக்க யாப்பிலேயே தடை இருக்கிறது, முதலாம் உறுப்புரையின் பத்தாம் பிரிவு. முன்பு 800 டொலர் வரையான பார்சல் தீர்வையில்லாமல் போகும். 2025 ஓகஸ்ட் 29 இலிருந்து அது இல்லை. வீதம் அடிக்கடி மாறுவதால் அனுப்புகிற அன்றைக்குக் கூரியரிடம் கேட்டு எழுதுங்கள். உங்கள் இணையத்தளத்தில் காசு கட்டுகிற பக்கத்தில், தீர்வையை நீங்கள் கட்டி அனுப்புகிறீர்களா, வாங்குகிறவர் வாசலில் கட்ட வேண்டுமா என்பதைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். தாளில் அதற்கு நாடு முழுவதற்கும் ஒரே நிரல் போதும்.